வாரம் அறுபது கிலோ

பிப்ரவரி 3, திங்கள்

செம்பாறைப்பட்டிக்கு வந்து சேர்ந்தேன். ஆலங்குடியிலிருந்து வந்த பேருந்து என்னையும் என் இரண்டு பைகளையும் முக்கத்தில் உதிர்த்துவிட்டு ஓடிவிட்டது. ஊரின் மூன்று பக்கமும் தைலமரம். காற்றடித்தால் ஊரே ஜலதோஷத்துக்கு மருந்து பூசிக்கொண்டது மாதிரி மணக்கிறது.

பத்தொன்பது வருடமாக அடுத்தவர் வீட்டுக் கணக்கை எடுத்தே பிழைக்கிறேன். கழிப்பறை எண்ணியிருக்கிறேன், கொசுவலை எண்ணியிருக்கிறேன், ராமநாதபுரத்தில் ஒரு கோடையில் கழுதைகள்கூட எண்ணியிருக்கிறேன். காட்டுக் கணக்கு இதுதான் முதல் தடவை.

வேலை இதுதான். இந்த மரங்களைக் குத்தகைக்கு வளர்க்கும் கம்பெனி, காட்டால் ஊருக்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்று அளந்து சொல்லும்படி எங்கள் திருச்சி அலுவலகத்திடம் கேட்டிருக்கிறது. நாற்பது வீடு, வீட்டுக்கு அறுபத்து நான்கு கேள்வி. போன மாதம் வடக்குப் பக்கம் மரம் வெட்டி முடித்துவிட்டார்கள். வெட்டிய இடத்தில் கிடக்கும் கிளையும் சுள்ளியும்தான் இந்த ஊர் அடுப்புகளுக்கு விறகு. பெண்கள் போய்ப் பொறுக்கிவருகிறார்கள். இனியும் விடலாமா, வேலி போட்டுவிடலாமா என்பதை என் கணக்கைப் பார்த்துத்தான் கம்பெனி முடிவு செய்யுமாம். ஆகையால் ஒரு வாரம் முழுக்க விறகுச் சுமைகளை எடைபோட வேண்டும். அதற்கென்றே நூறு கிலோ தாங்கும் கொக்கித் தராசு ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

தங்குவதற்குச் சிந்தாமணி என்ற பெண்ணின் வீட்டில் பின்னறை கிடைத்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். வாசலில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறாள். கணவன் சிங்கப்பூரில். சாப்பிட உட்கார்ந்தபோது ஒருவர் உள்ளே வந்து, என்னைப் பார்த்ததும் மறுபடி வெளியே போய், செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். சிந்தாமணியின் அண்ணன் அடைக்கலம். வெட்டிய மரத்தை டிராக்டரில் டிப்போவுக்கு ஏற்றிப்போகிறவர். மூன்று வேளையும் சாப்பாடு தங்கை வீட்டில்தானாம். மனைவி இறந்து எட்டு வருடம் ஆகிறது என்று நான் கேட்காமலே சிந்தாமணி சொன்னாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆறு வீடு முடித்தேன். நோட்டுப் புத்தகத்தோடு வரும் பெண்பிள்ளை யாராக இருந்தாலும் இந்த ஊருக்கு டீச்சர்தான். நான் டீச்சர் இல்லை என்று மூன்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். நான்காவது வீட்டில் விட்டுவிட்டேன்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் கொதிக்கிறார்கள். முன்பு நூறடியில் கிடைத்த தண்ணீர் இப்போது அறுநூறில். மரம்தான் குடித்துவிட்டது என்கிறார்கள். எழுதிக்கொண்டேன். அடுத்த கேள்விக்கு, பட்டை உரிக்கும் வேலை வருடத்துக்கு நாற்பது நாள் கிடைக்கிறது, அதை வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்தினோம் என்கிறார்கள். அதையும் எழுதிக்கொண்டேன். ஒரே மரத்தைத் திட்டவும் செய்கிறார்கள், அதன் சுள்ளியில் சோறும் பொங்குகிறார்கள். படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது. படிவம் போட்டவர் விவரமானவர்தான்.

முப்பத்தொன்றாம் கேள்வி: “காட்டால் உங்களுக்கு உண்டாகும் மனநிறைவை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லவும்.”

“அஞ்சுக்குள்ளயா?” என்றாள் சிந்தாமணி. “பரீச்சை மாதிரில இருக்கு. வெறகு பொறுக்கப் போனா வீட்டு நெனப்பு இல்லாம மூணு மணி நேரம் பேசிக்கிட்டு வருவோம். அதுக்கு எம்புட்டுப் போடுவிய?”

நீயே சொல் என்றேன். நான்கு போடச் சொன்னாள். மீதி ஒன்று முள் குத்துவதற்காம்.

பிப்ரவரி 5, புதன்

ஒன்பது வீடு. கால் வலி. அடைக்கலம் டீக்கடைக்குப் போய் வந்தவர் எனக்கும் ஒரு பொட்டலம் பக்கோடா வாங்கிவந்தார். கடையில் மீந்துபோனதாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று என்னை வைத்து விளையாடிவிட்டார்கள். மதியம் கடை வாசலில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். பூங்கோதை என்று ஒரு சின்னப் பெண், இந்தத் தையில்தான் கல்யாணம் ஆகி வந்தவள், பிளஸ் டூ வரை படித்தவள். என் கையிலிருந்து ஒரு காலிப் படிவத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

“எங்களையே கேட்டுக்கிட்டிருக்கியளே டீச்சர், இன்னைக்கு நீங்க சொல்லுங்க. குடும்பத் தலைவர் பேரு?”

“மங்களேஸ்வரி.”

“வயசு?”

“நாப்பத்தேழு.”

“வீட்டுல எத்தனை பேரு?”

“ஒருத்தி.”

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. பூங்கோதை அடுத்த கேள்விக்குத் தாவினாள். எரிபொருள் என்ன? சமையல் எரிவாயு. ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வரும்? ஐந்து மாதம்.

“அஞ்சு மாசமா!” என்று கூட்டமே வாயைப் பிளந்தது. “அப்ப என்னத்தத்தான் சமைக்கிறிய?”

கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று படிவத்தில் கேள்வி இல்லை. இருந்தாலும் கேட்டார்கள். வேலை வேலையென்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்த்தபோது வயது போயிருந்தது என்றேன். பொய் இல்லை. யாரும் உச்சுக் கொட்டவில்லை, அதற்காக அவர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அடைக்கலம் டிராக்டருக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருப்பார். கேட்டால் எனக்கென்ன?

பிப்ரவரி 10, திங்கள்

எடை போட ஆரம்பித்தேன். காட்டுப் பாதை ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு புங்கமரம், அதன் கிளையில் தராசைத் தொங்கவிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சுமையைக் கொக்கியில் மாட்டி, கிலோவைச் சத்தமாகப் படித்து எழுதிக்கொள்வேன். அலுவலகத்தில் சொல்லிக்கொடுத்த முறை அதுதான்.

நாற்பது வீட்டுக்கு நாற்பது சுமையும் வந்துவிட்டது. முப்பத்து மூன்று, முப்பத்தாறு, முப்பத்தெட்டு. அசந்துபோனேன். என்னால் ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு பத்து அடி நடக்க முடியாது. இவர்கள் தலையில் சும்மாட்டை வைத்து, அதன்மேல் ஓர் ஆளையே ஏற்றி வருவது மாதிரி வருகிறார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மறுபடியும் நாற்பது சுமை. சிந்தாமணி நாற்பத்து நான்கு கிலோ. அதை நான் படித்ததும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. பூங்கோதை பத்தொன்பது. அவள் பெயருக்கு நேரே எழுதும்போது என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மரத்துக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி விழுந்திருக்கும்.

பிப்ரவரி 12, புதன்

பூங்கோதை முப்பத்தொன்பது! ஒரே நாளில் இரண்டு மடங்கு. கெட்டிக்காரி. சபாஷ் என்று சொன்னேன், சிரிக்காமல் போய்விட்டாள்.

செவிலியர் ஊருக்கு வந்திருந்தார். கழுத்து வலி மாத்திரை தீர்ந்துவிட்டதாம், மூன்று நாளில் இத்தனை பேருக்கா என்று அவருக்கு ஆச்சரியம்.

பிப்ரவரி 13, வியாழன்

மூன்று நாள் கணக்கை நேற்றே கைபேசியில் அனுப்பியிருந்தேன். காலையில் ரெங்கராஜ் சார் திருச்சியிலிருந்து கூப்பிட்டார். என் மேலதிகாரி. குரலில் ஒரே உற்சாகம்.

“அருமையான டேட்டா மங்களம். வாரத்துக்கு நாலு நாள் பொறுக்குறாங்கன்னு வச்சாலே வீட்டுக்கு நூத்திநாப்பது கிலோ வருது. கம்பெனி வச்சிருக்கிற வரம்பு எவ்வளவு தெரியுமா? அறுபது. அதுக்கு மேல போனா மண்ணுக்குத் தழை மிஞ்சாதாம். வேலி போட்டுட்டு, கழிவு விறகை மில் பாய்லருக்கு வித்துருவாங்க. இருபத்தெட்டாம் தேதிக்குள்ள முழு அறிக்கையும் குடுத்துடு. கள மேற்பார்வையாளர் வேலைக்கு உன் பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன்.”

ஏழு வருடமாக நான் காத்திருக்கும் வேலை அது. சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். பத்து நிமிடம் பட்டேன்.

பிறகுதான் யோசனை வந்தது. சிந்தாமணி வீட்டில் மூன்று பேருக்குச் சமையல். இந்த நான்கு நாளில் கொல்லைப்புற அடுக்கு என் தோளுயரம் ஏறியிருக்கிறது. இவ்வளவையும் எந்த அடுப்பில் எரிக்கிறார்கள்?

மாலையில் சிந்தாமணியின் சுமை வந்தது. குறுக்கே சிவப்புச் சேலைக் கிழிசலில் கட்டு. செவ்வாய்க்கிழமையும் அதே சிவப்புக் கிழிசல், அதே மாதிரி இரட்டை முடிச்சு, அதே வளைந்த கிளை வெளியே நீட்டிக்கொண்டு. நாற்பத்து நான்கு அன்று. இன்றும் நாற்பத்து நான்கு.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று புங்கமரத்தடியில் காத்திருக்கவில்லை. பாதையில் எதிரே நடந்துபோனேன். வளைவில் பூங்கோதையின் புருஷன் மொபெட்டை நிறுத்திவிட்டு, பின்னால் கட்டியிருந்த விறகை அவிழ்த்து அவள் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இருவரும் சாமி சிலை மாதிரி நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் நான்கு மொபெட், ஒரு சைக்கிள்.

சிந்தாமணி மட்டும் மொபெட் வைக்கவில்லை. அவள் செவ்வாய்க்கிழமைச் சுமையையே தன் வீட்டு அடுக்கிலிருந்து எடுத்து, கொல்லை வழியாக வெளியே கொண்டுபோய், ஊரைச் சுற்றி, மறுபடி தலையில் சுமந்து உள்ளே கொண்டுவந்திருக்கிறாள். சிவப்புக் கிழிசல் இரண்டு தடவை வந்தது அப்படித்தான் என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “என்னை முட்டாளாக்கிட்டீங்கல்ல எல்லாரும் சேர்ந்து?” என்று புங்கமரத்தடியில் எல்லோரையும் நிறுத்திக் கத்தினேன்.

சிந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள். டிராக்டரை நிறுத்தி வேடிக்கை பார்த்த அடைக்கலம்தான் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்.

“கோவிச்சுக்காதிய டீச்சர். எங்க ஊருல ஒரு பழக்கம் உண்டு. கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் புதுப்பொண்ணை நாத்தனாருங்க காட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அது தூக்கிட்டு வர்ற சுமையைத் தெருவே நின்னு பாக்கும். அன்னைக்கு என்ன தூக்குனாளோ அதுதான் காலத்துக்கும் பேச்சு. நீங்க என்னடான்னா தராசைக் கட்டி, பேரைச் சொல்லி, கிலோவைச் சத்தமாப் படிச்சு, நோட்டுலயும் எழுதுறிய. எவ கொறைச்சுத் தூக்குவா?”

“பத்தொம்பதுன்னு படிச்சிய,” என்றாள் பூங்கோதை. “அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல யாரும் என்னோட பேசல.”

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான்கு நாளாக இந்தப் பெண்களை நடுத்தெருவில் நிறுத்தி மாமியார் வீட்டுப் பரீட்சை நடத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 15, சனி

எல்லோரையும் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டேன். வாரம் அறுபது கிலோவைத் தாண்டினால் வேலி, தாண்டாவிட்டால் இப்போது போலவே போய் வரலாம். இந்த வாரக் கணக்கு நூற்று நாற்பது. பெருமைக்குத் தூக்கிய சுமை தங்கள் அடுப்பிலேயே கைவைக்கும் என்று யார் நினைத்தார்கள்? அடுத்த வாரம் மறுபடி எடை போடுகிறேன், வழக்கமாகக் கொண்டுவருவதைக் கொண்டுவாருங்கள் என்றேன். சரி சரி என்று தலையாட்டினார்கள்.

ரொம்ப வேகமாகத் தலையாட்டினார்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

நான்கு கிலோ. மூன்றரை. நான்கு. ஒருத்தி ஒன்றே முக்கால் கிலோவுக்கு ஒரு கட்டு கொண்டுவந்து, தலையில் சும்மாடு வைத்து, இடுப்பில் கையூன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு வேறு நின்றாள். விளக்குமாறுகூட அதைவிடக் கனம். போன வாரம் சேர்த்த அடுக்கு எல்லோர் வீட்டிலும் மலையாக இருக்கிறது, அதனால் அடுப்புக்குக் கவலையில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

நான்கு கிலோ. என் கைப்பை ஐந்து கிலோ, போட்டுப் பார்த்தேன்.

பிப்ரவரி 19, புதன்

வடக்குக் காட்டோரம் லாரியில் கல்தூண் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். வேலிக்கு. முதல் மூன்று நாள் கணக்கைப் பார்த்தே ஆயத்தம் செய்துவிட்டார்கள் போல. இருநூறு தூண் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. பெண்கள் கும்பலாக வந்து பார்த்துவிட்டு, என்னை ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்கள். சொல்லியிருந்தால் பரவாயில்லை.

ரெங்கராஜ் சாருக்குப் போன் செய்து முதல் வாரக் கணக்கு செல்லாது, எல்லாம் வீம்புக்குத் தூக்கியது என்று சொன்னேன். இரண்டாவது வாரம் பயத்துக்குத் தூக்கியது, அதுவும் செல்லாது என்றேன். மூன்றாவது முறை எடுக்க இன்னும் மூன்று வாரம் வேண்டும்.

“இருபத்தெட்டு கெடு மங்களம். தள்ளிப்போச்சுன்னா மேற்பார்வையாளர் வேலைக்கு உன் பேர் இருக்காது. முதல் வாரத்தை அப்படியே அனுப்பிடு. அதுவும் நீ எடுத்த எடைதானே? பொய் இல்லையே?”

பொய் இல்லைதான். கிலோவெல்லாம் சரியான கிலோ. ஆனால் அது நிஜமும் இல்லை. நாளை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

கல்தூண்களைக் காட்டைச் சுற்றிப் பரப்பிப் போட அடைக்கலத்தை அழைத்தார்களாம். டயர் பஞ்சர், ஒரு வாரம் வண்டி எடுக்க முடியாது என்றாராம். மாலையில் அதே டிராக்டரில்தான் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிவந்தார். நான் டயரையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“நெசமான கணக்கு எப்படித்தான் எடுக்கிறது?” என்று பொதுவாகக் கேட்டுவைத்தேன்.

“இந்த வண்டி வாங்குன அன்னைக்கு ஊரே கூடி நின்னு பாத்துச்சு,” என்றார் வைக்கோலை இறக்கிக்கொண்டே. “இப்ப ஹாரன் அடிச்சாக்கூடக் கோழி நகர மாட்டேங்குது.”

சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். நான் சாப்பிடாமல் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

ரெங்கராஜ் சாரிடம் முடியாது, மூன்றாவது முறை எடுத்துத்தான் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டேன். ஏழு வருடக் காத்திருப்பை ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தாயிற்று.

தராசைப் புங்கமரத்திலேயே கட்டிவிட்டு, நோட்டை மூட்டை கட்டி அறையில் வைத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடை போட்டுக்கொள்ளுங்கள், நான் எழுதமாட்டேன், பக்கத்திலும் வரமாட்டேன் என்று அறிவித்தேன். யாரும் நம்பவில்லை. மரத்தைச் சுற்றி இரண்டு அடி தள்ளியே நடந்தார்கள்.

பிப்ரவரி 22, சனி

முதலில் வந்தது ஓர் ஆட்டுக்குட்டி. ஆறே கால் கிலோ. பிறகு ஒரு பூசணிக்காய், அதற்குப் பந்தயம் வேறு. அங்கன்வாடி அம்மா குழந்தைகளைத் துணித் தொட்டிலில் போட்டுத் தூக்கிப் பார்க்கிறார். அவருடைய தராசு ஆறு மாதமாகக் கெட்டுக் கிடக்கிறதாம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

உரமூட்டை சரியாக இருக்கிறதா என்று கடைக்காரனோடு மரத்தடியில் சண்டை. இரண்டு கிலோ குறைந்தது. கடைக்காரன் கொடுத்துவிட்டுப் போனான். ஊருக்கு இப்போது என் தராசின் மேல் தனி மரியாதை.

அடைக்கலமும் கொக்கியில் கயிறு போட்டுத் தொங்கிப் பார்த்தார். எழுபத்தொன்று. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

கெடு முடிந்தது. மேற்பார்வையாளர் வேலையைக் கரூரில் ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். இருபத்தாறு வயது. அழுகை வந்தது, அழுதேன். சிந்தாமணி என்ன ஏதென்று கேட்காமல் சூடாக நான்கு ஆப்பம் சுட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நான்கையும் சாப்பிட்டேன். அழுதுகொண்டே ஆப்பம் சாப்பிட்டால் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, மற்றபடி குறையில்லை.

மார்ச் 3, திங்கள்

அடுக்குகள் எல்லாம் இறங்கிவிட்டன. போன வாரம் முழுக்க நான் காட்டுக்கு அவர்களோடு போய் வந்தேன், எடைபோட அல்ல, சும்மா. என் தலையிலும் ஒரு கட்டு ஏற்றினார்கள். ஒன்பது கிலோ. பூங்கோதை அதை ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அந்தப் பத்தொன்பதுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்றிலிருந்து மறுபடி எடை. பெயர் கிடையாது. வீட்டுக்கு ஒரு எண், அது எனக்கு மட்டும் தெரியும். சத்தமாகப் படிப்பதும் கிடையாது. பெண்கள் பேசிக்கொண்டே வந்து, பேசிக்கொண்டே கொக்கியில் மாட்டி, பேசிக்கொண்டே போகிறார்கள். இன்று பதினேழு வீடுதான் வந்தது. மற்றவர்களுக்கு நேற்றைய விறகு இருக்கிறதாம். இது, இதுதான் நான் கேட்டது.

மார்ச் 9, ஞாயிறு

ஏழு நாள் முடிந்தது. கூட்டி வகுத்தேன். மூன்று தடவை வகுத்தேன்.

ஐம்பத்திரண்டு.

கணக்கு நோட்டை மூடிவிட்டு வாசலுக்கு வந்தேன். கடையில் அடைக்கலம் மட்டும் இருந்தார். “அம்பத்திரண்டு,” என்றேன். அவர் கடை டப்பாவிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து நீட்டினார். தங்கையின் கடை, அவர் தாராளம். இந்த ஊருக்கு வந்து இவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

மார்ச் 12, புதன்

கம்பெனிக்குச் சந்தேகம். நூற்று நாற்பது எப்படி ஐம்பத்திரண்டு ஆனது என்று கேட்கிறார்கள். நானே கேட்டிருப்பேன். சரிபார்க்க ஓர் ஆளை அனுப்புகிறார்கள்.

மார்ச் 13, வியாழன்

சேவியர் என்று ஒருவர் வந்திருக்கிறார். மெலிந்த மனிதர், கண்டிப்பான மீசை. சொந்தத் தராசு கொண்டுவந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் தங்கிக்கொண்டு ஏழு நாளும் தானே எடை போடுவாராம். என்னை மரத்தடிக்கு வரக்கூடாது என்றுவிட்டார். நியாயம்தான். என் பயமெல்லாம் இன்னொரு புதுத் தராசைப் பார்த்து இவர்கள் மறுபடி மொபெட்டை எடுத்துவிடக்கூடாதே என்பதுதான்.

மார்ச் 14, வெள்ளி

எடுக்கவில்லை. நேற்று மாலை சேவியர் சார் தராசைத் தொங்கவிட்டு அரை மணி நேரத்தில் யாரோ ஒரு சேவலைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்களாம்.

மார்ச் 16, ஞாயிறு

ஒரு சிக்கல். சேவியர் சார் கடைக்குச் சோப்பு வாங்க வந்தார். நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சிந்தாமணி அவர் எதிரிலேயே, “மதினி, அந்தச் சோப்புப் பெட்டிய எடுத்துக் குடுங்க,” என்றாள்.

சேவியர் சார் என்னைப் பார்த்தார். வெங்காயத்தைப் பார்த்தார். சோப்பை வாங்கிக்கொண்டு போனார்.

“நான் உனக்கு எப்படிடி மதினி?” என்றேன். “அண்ணன் பொண்டாட்டியத்தான் மதினிம்பாங்க.”

“வாய் தவறிருச்சு,” என்றாள். இவளுக்கு வாய் தவறுமா?

மார்ச் 17, திங்கள்

எதிர்பார்த்தபடி, மதினி விஷயம் கம்பெனி வரை போய், கைபேசியிலேயே கடிதம் வந்துவிட்டது. சேவியர் சார் கணக்கு வரும் புதன்கிழமை முடிகிறது. அதோடு என் கணக்கையும் சேர்த்து ஏற்க வேண்டுமானால், வியாழக்கிழமை காலை புதுக்கோட்டையில் கம்பெனி அலுவலகத்துக்கு வந்து நான் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். “ஆய்வு செய்த ஊரில் எனக்கு ரத்த உறவோ, மண உறவோ, அதற்கான உடன்பாடோ ஏதும் இல்லை.” போடாவிட்டால் இந்தப் புதுக் கணக்கு தள்ளுபடி, முதல் கணக்கே நிற்கும். நூற்று நாற்பது. வேலி.

உறவு இல்லைதான். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட என்ன தடை? ஒரு தடையும் இல்லை. பிறகு ஏன் இந்தக் கடிதத்தை ஆறு தடவை படித்தேன்?

மார்ச் 18, செவ்வாய்

காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அடைக்கலம் வந்தார். தலைமுடியில் எண்ணெய், வெள்ளைச் சட்டை, செவ்வாய்க்கிழமையில்! டிராக்டர் ஓட்டப் போகிறவர் உடுத்தும் உடுப்பில்லை அது. தொண்டையைச் செருமினார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும்...”

“கேக்காதீங்க,” என்றேன்.

“என்னன்னு தெரியாமலேயே...”

“வியாழக்கிழமை மதியம் வரைக்கும் எதையும் கேக்காதீங்க.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “கேட்டா என்ன ஆயிரும்?”

“கேட்டா நான் பதில் சொல்லணும். பதில் சொன்னா அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட முடியாது. போடலைன்னா காட்டைச் சுத்திக் கல்லு நட்டுருவாங்க.”

அவர் அப்படியே நின்று யோசித்தார். நான் கையிலிருந்த போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தேன். ஏற்கெனவே பிழிந்த போர்வை. பத்து எண்ணுவதற்குள் அவர் முகம் மெல்ல மலர ஆரம்பித்தது.

“அப்ப பதில், கையெழுத்துப் போட முடியாத பதில்தான்,” என்றார்.

எனக்குக் காது வரை சூடேறிவிட்டது. “வியாழக்கிழமை,” என்றேன்.

“வியாழக்கிழமை,” என்று அவரும் சொல்லிவிட்டு, வந்த வழியே போனார். கொல்லைக் கதவுக்குப் பின்னால் சிந்தாமணி எதையோ கீழே போட்டு உருட்டினாள்.

மார்ச் 19, புதன்

சேவியர் சாரின் கணக்கு: ஐம்பத்து மூன்று.

இன்று முழுக்க அடைக்கலம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டுக்கும் வரவில்லை, தூக்குவாளியில் வாங்கிப்போனார். மனிதர் சட்டத்தை இம்மி பிசகாமல் காக்கிறார்.

மார்ச் 20, வியாழன்

பதினொன்றே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் அம்மா இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு கிலோதான் வித்தியாசம் என்று சேவியர் சார் சொன்னார். அவரே தொடர்ந்து, “அந்த ஊர்ல வேற யாரும் இதை எடுத்திருக்க முடியாது மேடம்,” என்றார். மீசை கொஞ்சம் அசைந்தது, சிரித்தாரோ என்னவோ. உறுதிமொழியில் முத்திரை விழுந்தது. வேலி இல்லை. நாற்பது வீட்டுக்கும் அடுத்த ஏழு வருடத்துக்கு அனுமதி. கல்தூண்களைத் திருப்பி எடுத்துவர வேண்டும், அதற்கு வண்டி வேண்டும் என்று மேலாளர் அம்மா கேட்டார். ஓர் ஆளைத் தெரியும் என்றேன். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, ஊரில் விசாரித்தால் கிடைக்கும் என்று திருத்திச் சொன்னேன்.

வெளியே வந்தால் அலுவலகச் சுவரோரம் டிராக்டர் நிற்கிறது. இருபத்தைந்து கிலோமீட்டர் அதை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பின்னால் டிரெய்லரில் சிந்தாமணி, பூங்கோதை, இன்னும் பதினைந்து பெண்கள். ஐம்பத்து மூன்று, போட்டாச்சு, வேலி இல்லை என்று சொன்னேன். அவர்கள் போட்ட சத்தத்தில் காவலாளி வாசலுக்கு ஓடிவந்துவிட்டார்.

அடைக்கலம் சத்தம் போடவில்லை. டிராக்டரிலிருந்து இறங்கி, அலுவலகச் சுவரில் இருந்த கடிகாரத்தைச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பதினேழு பெண்களும் கேட்க, கேட்டார்.

நான் பதில் சொல்லாமல் டிரெய்லரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவசரம் என்ன? பதில் அவருக்குச் செவ்வாய்க்கிழமையிலிருந்தே தெரியும்.